இடது கைக்குச் சோறூணு

கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நான் முதன்முதலாகத் தனியாகச் செக்கிங் போன நாளை நினைத்தால் இப்போதும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பத்தொன்பது வருடம் மற்றவர்கள் வீட்டில் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவள் நான். மும்பையில் எங்கள் வேலைக்கு மாவ்ஷி என்று பெயர். மராத்தியில் சித்தி, பெரியம்மா என்று அர்த்தம். அர்த்தம் என்னவோ பெரியதுதான். செருப்பை எங்கே விடச் சொல்கிறார்கள் என்பதிலேயே அந்த வீட்டில் நம் இடம் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளை, எங்களை வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புகிற செம்பூர் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, இனிமேல் நீ டியூட்டிக்குப் போக வேண்டாம், மற்ற மாவ்ஷிகள் டியூட்டியை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல் என்றால் எப்படி இருக்கும்? தாராவி வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

மஞ்சள் நாடாவில் தொங்கும் பிளாஸ்டிக் அட்டை அது. போட்டோவில் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பேன். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது என் மகள் பார்த்துவிட்டு, "மம்மி, ஏர்போர்ட்ல வேலை கெடைச்சிருக்கா?" என்றாள். கேலி செய்தால் செய்யட்டும் என்று நாடாவை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

செக்கிங் என்றால் ஒரு வீட்டில் அரை நாள் இருந்து பார்த்து, போனில் உள்ள படிவத்தை நிரப்புவது. குளியல், பல், தலைவாரல், உடை, சாப்பாடு, கக்கூஸ் போய்க் கழுவிக்கொள்வது என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம். பேஷண்ட் தானே செய்துகொள்கிறாரா, மாவ்ஷி கை கொடுக்கிறாளா, முழுக்க மாவ்ஷியே செய்கிறாளா. பேஷண்டால் முடிகிற வேலையை மாவ்ஷி பிடுங்கிச் செய்தால் அதற்கு சைபர். எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தவர்கள் இதை மண்டையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். முடிகிற கையைச் சும்மா வைத்தால் அந்தக் கையும் போய்விடுமாம்.

படிவம் அவர்களுடையது, கண் என்னுடையது. வீட்டில் மாவ்ஷிகள் எழுதி வைக்கிற ரிஜிஸ்டரை நான் முதலில் தொடவே மாட்டேன். ரிஜிஸ்டரில் எல்லாப் பேஷண்டும் தினம் எட்டரை மணிக்குக் குளித்திருப்பார்கள். நானே எத்தனை வருடம் அப்படி எழுதியவள்! நான் பார்ப்பது குதிகாலை, காது மடலுக்குப் பின்னால், பல் துலக்கும் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்பதை, நாக்கை, தலையணை உறையின் நடுவை. பக்கவாதம் வந்த பேஷண்ட் என்றால் மடங்கிப்போன கையைப் பிரித்து மோந்து பார்ப்பேன். நாலு நாள் பிரிக்காமல் விட்ட உள்ளங்கை புளித்த மாவு வாசனை அடிக்கும். அதை எந்தப் பவுடரும் மறைக்காது.

முதல் வீடு மாட்டுங்கா. ஆபீஸ் மேடம் புகாரை எனக்குச் சொன்னபோது என் ரத்தம் கொதித்தது. எழுபது வயது மாமி, பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது. இருபத்து நாலு மணி நேர மாவ்ஷி ஒருத்தி இரண்டு மாதமாக அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாளாம். ஒரு மணி நேரம் திறப்பதில்லையாம். மகன் பயந்துபோயிருக்கிறார். வாஷியைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். படிவத்தில் மதிப்பெண் பாதிக்குக் கீழே போனாலோ, அந்தக் கதவுக்குச் சரியான காரணம் கிடைக்காவிட்டாலோ மாவ்ஷியை அன்றைக்கே எடுத்துவிடுவோம், அம்மாவை அவர் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்றார் மேடம்.

கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்வாள்? பேஷண்டின் சாப்பாட்டைத் தான் சாப்பிடுவாள். இல்லை, வாயை அமுக்கித் திணிப்பாள். இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்ற வேகத்தில், லிஃப்ட் இல்லாத அந்தப் பழைய கட்டடத்தின் இரண்டு மாடியை மூச்சு வாங்காமல் ஏறினேன். மூட்டு வலி எங்கே போனதோ தெரியாது.

மகன்தான் கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர். அம்மாவும் அவரும்தான் வீட்டில். மேஜையிலிருந்த காபி டம்ளரை இடது கையில் எடுத்தவர், ஏதோ சுட்டதுபோலச் சட்டென்று வலது கைக்கு மாற்றி என்னிடம் நீட்டினார். நான் உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நான் யார் மேலயும் பழி போடலை. ஆனா மத்தியானம் ஆனா கதவைச் சாத்திண்டுடறா. தட்டினா 'அஞ்சு நிமிசம்'ங்கறா. போன மாசம் ஒரு நாள் உள்ளே அம்மா அழற சத்தம் கேட்டுது. என்னன்னு கேட்டா அம்மாவும் சொல்ல மாட்டேங்கறா. ராத்திரி சாப்பாடு மட்டும் நான்தான் ஊட்டறேன், அதையாவது பண்ணணும் இல்லையா? நாலு ஸ்பூனுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கறா. எளைச்சுப் போயிட்டா."

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் நான் முடிவே கட்டிவிட்டேன். உள்ளே இருப்பவளுக்கு இன்றோடு இந்த வீட்டுச் சோறு முடிந்தது.

அறையில் மாமி கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபோர்ட் ஏரியாவில் ஏதோ கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டெனோவாக இருந்தவர் என்று மகன் சொல்லியிருந்தார். முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் பார்வை இறங்கவில்லை. என் அட்டையை மேலிருந்து கீழே படித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். மடியில் தமிழ் வாரப் பத்திரிகை. இடது கையால் பக்கத்தைத் திருப்பினார். நெற்றியில் விழுந்த முடியை அதே கையால் ஒதுக்கினார். பலே, இடது கையில் நல்ல பலம் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மாவ்ஷிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, தூக்கி முடிந்த கொண்டை. நான் ஆபீஸ் தோரணையில், அட்டையைத் தொட்டுக்கொண்டு, இந்தியில் பெயர், ஊர், டியூட்டி நேரம் எல்லாம் கேட்டேன். அவள் நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க தாராவிதான? தொண்ணூறு அடி ரோட்டுல ஒங்கள பாத்திருக்கேன். பேச்சுலயே நம்ம ஊருன்னு தெரியுது. பொறவு எதுக்கு இந்தில பேசுதிய?"

எனக்குச் சுருக்கென்றது. "டியூட்டி டைம்ல ஊர்க்கதை வேண்டாம்" என்று அதையும் இந்தியிலேயே சொன்னேன்.

பார்க்க ஆரம்பித்தேன். குதிகால், வெடிப்பே இல்லை. காதுக்குப் பின்னால் சுத்தம். முதுகைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. மடங்கிய வலது கையைப் பிரித்தேன். உள்ளே பழைய வேட்டித் துணியைச் சுருட்டித் தைத்த ஒரு சின்ன உருளை, விரல் நகம் உள்ளங்கையில் குத்தாமல் இருக்க. மோந்து பார்த்தால் வெயிலில் காய்ந்த துணி வாசனை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திருடியைப் பிடிக்க வந்தவளுக்கு வீடு முழுக்க சாமான் பத்திரமாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஆனால் இரண்டு குற்றம் கிடைத்தது. முதலாவது கைக்கடிகாரம். செயலற்ற வலது மணிக்கட்டில் ஒரு சின்னக் கறுப்பு வார்க் கடிகாரத்தைக் கட்டிவிட்டிருந்தாள். மாமி மணி பார்க்க வேண்டுமென்றால் இடது கையால் வலது கையைத் தூக்கித் திருப்ப வேண்டும். நல்ல கை இருக்க, செத்த கையிலா கடிகாரம் கட்டுவாள் ஒருத்தி? உடை என்ற கட்டத்தில் குறைத்துப் போட்டேன்.

இரண்டாவதுதான் பெரியது. பதினொன்றரைக்கு மாமி பாத்ரூம் போக வேண்டும் என்றார். மாவ்ஷி அவரைத் தூக்கி நிறுத்திய விதத்தைப் பார்த்து நானே உள்ளுக்குள் சபாஷ் போட்டேன். இடுப்பில் கட்டிய துண்டைப் பிடித்து, தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, ஒரே மூச்சில் நிறுத்திவிட்டாள். மாமி உட்கார்ந்து முடித்ததும் பார்க்கிறேன், மாவ்ஷியே கழுவிவிடுகிறாள். மாமியின் இடது கை, அத்தனை பலமான கை, சுவரிலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் விழாமல் உட்காரத் தெரிகிறது, கம்பி தேவையே இல்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் குழாய்.

வெளியே வந்ததும் இந்தியிலேயே பிடித்துக்கொண்டேன். "அவங்களால கழுவிக்க முடியுது இல்ல? ஏன் நீ செய்யுற? சீக்கிரம் வேலை முடியணும்னா?"

அவள் மாமியின் இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அலமாரியிலிருந்து எடுத்த புதுத் துண்டின் மேல் வைத்தபடியே பதில் சொன்னாள்.

"அந்தக் கை அதுக்கு இல்லக்கா."

"வேற எதுக்கு?"

அவள் மாமியைப் பார்த்தாள். மாமி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கழுவிக்கொள்வது என்ற கேள்வியில் முழுக்க மாவ்ஷி என்று தட்டினேன். சைபர். சைபரை இவ்வளவு திருப்தியாக நான் வேறு எங்கும் போட்டதில்லை.

ஒரு மணிக்குச் சமையல்கார அம்மாள் மேஜையில் எடுத்து வைத்துவிட்டுப் போன சாதம், மோர்க்குழம்பு, கத்தரிக்காய்க் கறி எல்லாவற்றையும் மாவ்ஷி தட்டில் போட்டு, ஒரு கிண்ணம் தயிரோடு அறைக்குள் கொண்டுவந்தாள். மகன் ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார், கண் மட்டும் இங்கே. மாவ்ஷி தட்டை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீங்க செத்த வெளிய இருங்கக்கா. அவிய சாப்புடணும்."

அவ்வளவுதான், என் இந்தி எங்கேயோ பறந்துபோனது.

"ஏட்டி, என்னையவே வெளிய போகச் சொல்லுதியா? நான் எதுக்கு வந்திருக்கேன்னு நெனச்ச? இந்தக் கதவப் பாக்கத்தான் வந்திருக்கேன். நீ சாத்து, நான் உள்ளதான் இருப்பேன். என்னய தூக்கி வெளிய போட முடியுமானா போடு!"

மாமி சிரித்துவிட்டார். பாதி முகம் மட்டும் சிரித்தது. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்து, மெல்லப் பேசினார்.

"இருக்கட்டும் விடு. அவளும்… பொம்மனாட்டிதானே. ஆனா வெளியில சொல்லப்படாது. என் பிள்ளைட்ட… கண்டிப்பா சொல்லப்படாது."

சரி என்று தலையாட்டினேன். தாழ் விழுந்தது. நான் சுவரோரம் நின்றேன். மாவ்ஷி கட்டிலுக்குக் குறுக்கே சின்ன மேஜையை இழுத்து, தட்டை வைத்தாள், தட்டுக்கு அடியில் நகராமல் ஈரத்துணி. ஊட்டுவாள் என்று பார்த்தேன். ஊட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். மாமி இடது கையை அந்தத் துண்டிலிருந்து எடுத்தார். சாதத்தின் மேல் வைத்தார். மோர்க்குழம்பைப் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

சீ என்று ஒரு குரல் எனக்குள் கேட்டது. மறைக்க மாட்டேன். பீச்சாங்கையால் தின்கிறாரே! கடையில் இடது கையால் சில்லறை கொடுத்தால் வாங்காமல் சண்டை போடுகிறவள் நான். என் மகள் சின்னதாக இருந்தபோது இடது கையால் வடையை எடுத்ததற்கு அவள் முதுகில் ஒன்று வைத்தது நினைவுக்கு வந்தது.

அந்தக் குரல் அடங்குவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்ன வேகத்தில் புரிந்தது! கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்த கை. சோப்பு, புதுத் துண்டு. அந்தக் கை அதுக்கு இல்லை. வலது கை போய்விட்டது, இருப்பது ஒரு கை. அந்த ஒரு கையே கழுவவும் வேண்டும், சாப்பிடவும் வேண்டும் என்று படிவம் கேட்கிறது. இரண்டும் தனித்தனிக் கேள்வியாக இருப்பதால் இரண்டும் ஒரே கை என்பது அதற்குத் தெரியாது. அதை எழுதியவர்கள் வேண்டுமானால் தெரியாதவர்களாக இருக்கட்டும். பிறந்ததிலிருந்து இந்தக் கை இதற்கு, அந்தக் கை அதற்கு என்று வாழ்கிற எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

"ஏட்டி!" என்று கத்தியேவிட்டேன். "நீ கழுவுதது அதுக்காகவா?"

"மெல்லக்கா. வெளிய கேக்கும்" என்றாள். அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

அவள் சொன்னாள், நான் மாமியின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்த புதிதில் மாமி யார் ஊட்டினாலும் துப்பினாராம். ஸ்பூனை இடது கையில் கொடுத்தால் தள்ளிவிட்டாராம்.

"ஸ்பூனும் அந்தக் கைலதான பிடிக்கணும்? ஆஸ்பத்திரில இருந்து வந்த நாள்லேருந்து அந்தக் கையாலதான் கழுவிக்கிட்டு இருந்திருக்காவ. அதே கையால சோத்தத் தொடுவாவளா? செத்தாலும் தொட மாட்டேன்னுட்டாவ. நான் யோசிச்சேன். சரி மாமி, இன்னைலேருந்து அந்தக் கைக்கு அந்த வேலை கெடையாது, கழுவுறத எங்கிட்ட விட்டுருங்கன்னேன். அப்பயும் மனசு ஒப்பல. செஞ்ச பாவம் போவுமாங்காவ. ஒங்க வீட்டுல பிள்ள பொறந்தா எத்தன நாள் தீட்டுன்னு கேட்டேன். பத்து நாளுன்னாவ. அப்ப இந்தக் கைய இன்னைக்குப் பொறந்த கைன்னு வச்சுக்கிடுங்க, பதினோராம் நாள் தீட்டு கழிஞ்சிரும்னேன்."

"அப்புறம்?"

மாமியே பதில் சொன்னார். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, ஒரு சின்னப் பெண்ணின் குதூகலத்தோடு.

"சோறூணு. பதினோராம் நாள் குளிச்சு… புதுப் புடவை கட்டிண்டு. என் கைக்கு… நானே சோறூணு பண்ணினேன்."

குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு கொடுக்கிற சடங்குக்கு மாமியின் பாலக்காட்டுப் பக்கத்தில் அதுதான் பெயர். அன்றைக்கு மாவ்ஷி தன் காசில் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு முழம் பூ வாங்கி மாமிக்கு வைத்துவிட்டிருக்கிறாள். சமையல்கார அம்மாளிடம் சொல்லிக் கொஞ்சம் பாயசம். மாமி இடது கையால் மூன்று பருக்கை எடுத்து வாயில் வைத்தாராம், வைத்ததும் அழுதாராம். மகன் கதவுக்கு வெளியே கேட்டது அந்த அழுகைதான். மறுநாள் ஒரு கவளம். இப்போது தட்டில் பாதிக்கு மேல்.

"கடிகாரம்?" என்றேன்.

"சாப்புடுத கைல கடிகாரம் எதுக்குன்னு அவியளே கழட்டி அந்தக் கைல கட்டச் சொல்லிட்டாவ."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்போல இருந்தது. கூடவே நெஞ்சுக்குள் ஒரு முள்ளும் குத்தியது. முன்பு தேவ்நாரில் நான் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர், அவருக்கும் வலது பக்கம்தான். ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்வார். பிடிவாதம் என்று ரிஜிஸ்டரில் எழுதினேன். தினமும் அதையேதான் எழுதினேன். ஏன் என்று ஒரு நாள்கூட அவரிடம் கேட்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தோன்றாதது இரண்டே மாதத்தில் இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

போனை எடுத்தேன். "அந்த சைபரை மாத்திடுதேன்."

"வேண்டாங்க்கா. நான்தான் கழுவுதேன், அது நெசந்தான? அப்படியே இருக்கட்டும். சாப்பாட்டுக் கட்டத்துல பாத்து நேர்மையாப் போடுங்க, போதும்."

சாப்பாடு: தானே. அழுத்திக் குத்தினேன், ஸ்க்ரீன் உடையாதது ஆச்சரியம். கடிகாரத்துக்குக் குறைத்ததைத் திருப்பிப் போட்டேன். சைபரோடு சேர்த்துக்கூட மதிப்பெண் பாதியைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. ஆனால் மேடம் கேட்டது மதிப்பெண் மட்டும் இல்லையே. கதவு. அதற்குக் காரணம் எழுதாமல் போனால் இவள் வேலை போகும். எழுதினால் மாமிக்குக் கொடுத்த வாக்கு போகும்.

"மாமி, உங்க பையனுக்கு இது தெரிஞ்சா சந்தோஷம்தானே படுவார்? எதுக்கு மறைக்கணும்?" என்று கேட்டேன்.

மாமியின் கை தட்டின் மேலேயே நின்றது.

"அவன் சின்ன வயசுல… இடது கை. எழுதறது, சாப்பிடறது, எல்லாம். நான்தான் மாத்தினேன். அடிச்சு. ஸ்கேலால. தட்டுல கை வைக்கறச்சயெல்லாம்… அடிச்சேன். அஞ்சு வயசுப் பிள்ளை. அவனுக்கு முன்னால… இந்தக் கையால எப்படிச் சாப்பிடுவேன், சொல்லு?"

காபி டம்ளரைச் சுட்டதுபோலக் கை மாற்றிய மகன் என் கண்முன் வந்து நின்றார். நாற்பது வருடத்துக்கு முந்தைய அடி இன்னும் அந்தக் கையில் இருக்கிறது.

நான் செய்தது சரியா தவறா, இன்றுவரை எனக்குத் தெரியாது. செக்கிங் வந்தவள் பேஷண்டிடம் ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது என்பது விதி. நான் பேசினேன். "மாமி, இந்தக் கதவு சாத்தியிருக்கறதுனாலதான் உங்க பையன் புகார் கொடுத்திருக்கார். காரணம் சொல்லலேன்னா இவளை இன்னைக்கே மாத்திடுவாங்க. உங்களை வாஷிப் பக்கம் ஒரு இல்லத்துல சேர்க்கப் பாத்து வச்சிருக்கார்."

மாமி மாவ்ஷியைப் பார்த்தார். அவளுக்கு இது முன்பே தெரியும் என்பது அவள் குனிந்த தலையிலேயே தெரிந்தது.

"நேக்கு ஏன் சொல்லலை நீ?"

"சொன்னா நீங்க சாப்புடுறத நிப்பாட்டிருவிய. நான் வேற வீடு பாத்துக்கிடுதேன் மாமி. எனக்குப் பொறவு வாறவள்ட்டயும் கழுவிவிடச் சொல்லிருங்க, அந்தக் கையால சாப்புடுறத விட்டுராதீய."

"கதவைத் திற."

"வேண்டாம் மாமி."

"திறடீ!"

முப்பது வருடம் மற்றவர்கள் சொன்னதை எழுதியவரின் குரலா அது! மாவ்ஷி எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்த் தாழை எடுத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கமே மகன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. உள்ளே பார்த்தார். தட்டு, மோர்க்குழம்பு சாதம், அதற்குள் அம்மாவின் இடது கை. மாமி கையை எடுக்கவில்லை, மூடவும் இல்லை. அவரை நேராகப் பார்த்தபடி ஒரு கவளத்தை உருட்டி வாயில் வைத்து மென்று விழுங்கினார்.

"அம்மா" என்றார் மகன். கட்டிலின் ஓரத்தில், தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மாவ்ஷி மெல்ல எழுந்து தட்டில் தயிரை ஊற்றினாள். மாமி மிச்சச் சாதத்தைப் பிசைந்தார். ஒரு பருக்கை வெளியே சிந்தாமல், எத்தனை அழகாகப் பிசைந்தார்! ஓர் உருண்டை உருட்டி மகன் பக்கம் நீட்டினார். அவர் பழக்கத்தில் வலது கையை நீட்டினார்.

மாமி தலையை ஆட்டினார். "அது இல்லைடா. அந்தக் கை."

அவர் புரியாமல் அம்மாவைப் பார்த்தார். பிறகு புரிந்தது. வலது கையை மடியில் இறக்கி வைத்துவிட்டு, இடது கையை மெல்ல நீட்டினார். நீட்டியதும் விரல்கள் அனிச்சையாக ஒரு முறை பின்னால் இழுத்துக்கொண்டன, அடி விழும் என்பதுபோல. மறுபடி நீட்டினார். மாமி உருண்டையை அதில் வைத்து, நாலு விரலையும் தன் விரலால் மூடிவிட்டார்.

"சாப்பிடு" என்றார்.